துப்ப வேண்டிய தண்ணி

நாக்குல வெச்சிப் பாக்காத தண்ணியில வலைய எறக்கிட்டு, அப்பால… அப்பால இன்னாவோ ஒண்ணு வரும். எங்க வாப்பா சொல்வாரு. அழாதன்னு முடியுமா, அடுத்தவன ஏசாதன்னு முடியுமா, பாதிதான் ஞாபகத்துல நிக்குது சீனிவாசா. அவரு மவுத்தாகி வருசமாச்சு, யாரப் போயி கேக்கறது. அவரு ஒண்ணும் வலைக்காரரு இல்ல. எறா வாங்கி ஐஸ் பொட்டியில அடுக்கி மெட்ராசுக்கு ஏத்தற யாவாரி. ஆனா காலம்பூரா இந்தப் பழவேற்காட்டுக் கரையில நின்னு நின்னு, குப்பத்துக்காரங்க பேச்சு அவரு வாயிலயும் ஒட்டிக்கிச்சி. ஏன் சொல்றேன்னா, நீ கேட்டதுக்கு பதிலு அங்கதான் ஆரம்பிக்குது. தண்ணிய நாக்குல வெச்சிப் பாக்கறதுல.

குந்து மொதல்ல. அந்தப் பெஞ்சி அந்தப் பக்கம் ஆடும், செவுத்தோரமா நவுந்துக்க. கௌஸ் மைதீன், இவருக்கு இன்னொரு டீ போடுப்பா. மெட்ராசுலேந்து வந்துகிறாரு, பெரிய எழுத்தாளரு, கிளாஸ நல்லா வெந்நீ ஊத்திக் கழுவு. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன், கழுவு.

படகா? வரும் வரும். போனது திரும்பி வரணும்ல. காத்து வேற எதுத்து அடிக்குது. நீ ஏன் பறக்கற? ஆபீஸ்ல உக்காந்திருந்த காலத்துலயே நீ இப்பிடித்தான். நான் ஒரு பக்கத்தப் படிச்சி முடிக்கறதுக்குள்ள நாலு தபா வந்து மேசைய தட்டுவ. ரவூப், ஆச்சா, ரவூப், ஆச்சா. அப்ப உங்க இங்கிலீஷ் பேப்பரு கலைப்பக்கத்துக்கு நான் சப்-எடிட்டரு. கமா போடறவன். இப்ப நான் எறா யாவாரி. கமாவும் இல்ல, தட்டறதுக்கு மேசையும் இல்ல. டீயக் குடி.

நீ இன்னாத்துக்கு வந்துகிறன்னு ஊருக்கே தெரியும். அக்கரைக் குப்பத்துல கஸ்தூரியம்மா வூட்டு செவுத்துல ஒரு படம் மாட்டிகிது. அவ புருசன் சின்னதம்பி கூவத்துல படகு மேல குனிஞ்சி, உள்ளங்கையில தண்ணிய ஏந்தி வாயில வெச்சிக்கினு இருக்கற படம். உங்க ஆபீஸ்ல நெகட்டிவ் வெச்சிருந்த ரூமுல மழத்தண்ணி பூந்து எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிப்போச்சி. அத எடுத்த போட்டோகிராபரு கோதண்டமும் போயி சேந்துட்டாரு. மிச்சம் இருக்கறது அந்த ஒரு பிரிண்டுதான். இப்ப கூவத்துக்கு மறுபடியும் கல்யாணம் பண்றீங்க. ரெண்டாந்தாரம். மறுபடியும் விழா, மறுபடியும் சிறப்பிதழ். அந்தப் படத்தப் பனமரம் ஒசரத்துக்குப் பெருசாக்கி ஆத்தங்கரையில நிறுத்தணும், அட்டையிலயும் போடணும். அதுக்கு கஸ்தூரியம்மா படத்தக் கழட்டிக் குடுக்கணும். அவகிட்ட கேக்கறதுக்கு நான் கூட வரணும். அவ்ளோதான? சரி. விசயம் புரிஞ்சிதான் பேசறேன்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. உன் எழுத்து எனக்கு ஆவவே ஆவாது. அப்பவே ஆவாது. எதப் பாத்தாலும் வேற ஒண்ணப் பாத்துட்ட மாதிரி எழுதறது ஒரு வித்த. உனக்கு அது கைவந்த வித்த. இந்த ஊரு டச்சுக்காரன் கல்லறையில எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருக்கான் பாத்தியான்னு கேட்டா, காலமே கல்லாகி நிற்கிறதுன்னு எழுதுவ. பக்கத்துலயே ஒரு கெழவன் பீடி புடிச்சிக்கினு ஆடு மேய்ப்பான், அவன் உன் கண்ணுல படமாட்டான். பட்டாலும் காலத்தின் காவலன்னு எழுதிடுவ. அவனுக்கு ஆடு மேய்க்கத் தெரியும், காலத்தப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும் சொல்லு.

இல்ல, பேச்ச மாத்தல. அங்கதான் வர்றேன்.

எமர்ஜென்சிக்கு முன்னாடி. அந்த மொத விழா. கூவத்துல படகு விடப்போறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. படித்துறை கட்டினாங்க, வெள்ளையடிச்சாங்க. சரி, நல்லதுதான, ஒரு ஊரு தன் ஆத்த சுத்தம் பண்ணிக்கணும்னு நெனச்சா யாரு வேணாம்னு சொல்லுவா. நானே சந்தோசப்பட்டவன்தான். அப்பால உங்க விழாக் கமிட்டி வந்துச்சி. சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே சுத்தமாயிடுச்சின்னு பாட்டுப் பாடறதுக்கு. பரதம் ஒருநாள், வீணை ஒருநாள், ஆத்தப் பாத்துப் படம் வரையறதுக்கு ஓவியருங்க ஒருநாள். அவங்க மூக்குல தைலம் பூசின கைக்குட்டய கட்டிக்கினு தாமரப்பூ வரைஞ்சாங்க. கூவத்துல தாமரை. நீ கூடத்தான் இருந்த. சிரிப்பு வரல உனக்கு?

கரையோரம் குடிசைங்க இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா. அத மறைக்கறதுக்குத் தட்டி வெச்சி, அதுல ஓவியப் பள்ளிக்கூடத்துப் பசங்கள உட்டு அன்னம், தாமரை, மயிலுன்னு வரைய வெச்சாங்க. தட்டிக்குப் பின்னால சனங்க சோறாக்கிக்கினு இருந்தாங்க. பொடிசுங்க வேடிக்கை பாக்கறதுக்கு தாமரைக்கு நடுவுல விரல உட்டு ஓட்ட போட்டுச்சிங்க. பூவுக்குள்ள ஒரு கண்ணு. நான் பாத்தேன். நீ அதையும் எழுதின. தாமரைகள் விழித்துக்கொண்டனன்னு. அட கலீஜு புடிச்சவனே.

கொஞ்சம் குடிசைங்கள தட்டி வெச்சி மறைக்க முடியல, படித்துறைக்கு நேரா இருந்துச்சி. அதுங்கள வெடியக்காலைல லாரில ஏத்தி எங்கியோ கொண்டுபோயி எறக்கிட்டாங்க. அதே லாரிதான் மத்தியானம் இங்க வந்துச்சி. எங்க ஊருப் படகுங்கள ஏத்தறதுக்கு. சட்டி பானை உருண்ட சத்தம் இன்னும் அடங்கல, ஒரு ஒடஞ்ச அம்மிக்கல்லு லாரி மூலையில கெடந்துச்சி. சின்னதம்பி அத எடுத்துக் கீழ வெச்சிட்டுதான் படக ஏத்தினான்.

ஏன் படகுன்னு கேட்டா, ஆறு உயிரோட இருக்குதுன்னு காட்டணுமே. உயிருள்ள ஆத்துல மீன்காரன் இருக்கணும். கூவத்துல மீன்காரனுக்கு எங்க போவாங்க? பழவேற்காட்டுலேந்து வாடகைக்கு. சின்னதம்பியும் குப்பத்து ஆளுங்க இன்னும் கொஞ்சம் பேரும் போனாங்க. குஷியாத்தான் போனாங்க. மெட்ராசு, மேளம், மந்திரிமாருங்க. யாரும் அவங்கள இஸ்துக்கினு போவல, அதையும் சொல்லிடறேன்.

அங்க போனா இவங்களுக்கு வேசம். நாட்டியம் சொல்லித் தர்ற அம்மா ஒண்ணு வந்து, இவங்க கோமணத்தையும் துண்டையும் பாத்துட்டு, அய்யய்யோ இது இல்ல மீனவர் ஆடைன்னு சொல்லிட்டு, பச்சப் பட்டுல தார்ப்பாச்சி கட்டி உட்டுச்சி. தலையில முண்டாசு, அதுல மயிலெறகு. சின்னதம்பி என்னைப் பாத்து, பாய், நான் மீன் புடிக்கப் போறனா, மாப்பிள்ள அழைப்புக்குப் போறனான்னு கேட்டான். அவன் அப்பிடித்தான், மூஞ்சில சிரிப்பே வராது, பேச்செல்லாம் நக்கலு. அப்பால சுத்திமுத்தும் பாத்துட்டு, இது யாரு பாடுன்னு கேட்டான்.

பாடுன்னா உனக்குத் தெரியாது. ஏரியில எவன் எந்த எடத்துல எந்த நாளு வலை வைக்கணும்னு ஊரு கூடி முறை போட்டு வெச்சிருக்காங்க. அதான் பாடு. அடுத்தவன் பாட்டுல போயி வலை எறக்கினா மூஞ்சி குடுத்துப் பேசமாட்டாங்க. அதுக்குத்தான் கேட்டான். கமிட்டி ஆளு சொன்னாரு, இன்னிக்கி உன் பாடுதான்யா, ஜமாய்ன்னு.

அவனுக்கு அது போதும். தன் பாடுன்னு சொல்லிட்டாங்க இல்ல.

மீனா? அதுல மீன் இல்லன்னு கமிட்டிக்கே தெரியும். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுலேந்து மடவை மீன் வாங்கியாந்து வலையில முன்னாடியே கட்டி வெச்சிட்டாங்க. செத்த மீனு. வீசினா உழும், இஸ்தா வரும். புல்லாங்குழல் ஊதறப்போ வீசணும், மிருதங்கம் வந்ததும் இஸ்துக்கணும். ஒத்திகையே நடந்துச்சி. மேலாண்ட சாக்கடைய மணல் மூட்ட போட்டுத் தேக்கி வெச்சிக்கினு, பிளீச்சிங் பவுடர மூட்டை மூட்டையா கொட்டி, அதுக்கும் மேல பன்னீரு தெளிச்சாங்க. அந்த வாசன இன்னும் என் மூக்குல இருக்குது. பொணத்துக்கு அத்தர் பூசின மாதிரி.

இப்பதான் நாக்கு விசயம். எங்க ஏரி கடலும் இல்ல, ஆறும் இல்ல. முகத்துவாரம் தொறந்துகினா உப்பு ஏறும், மழ பேஞ்சா எறங்கும். இன்னிக்கி இருக்கற தண்ணி நாளைக்கி இருக்காது. அதுனால வலைக்குப் போறவன் மொத வேலையா ஒரு கை தண்ணி அள்ளி நாக்குல உருட்டிப் பாப்பான். எறா வருமா, மடவை வருமா, எந்த வலை எறக்கறதுன்னு அதுலதான் தெரியும். பாத்துட்டுத் துப்பிடுவான். எடது பக்கமா. இதுல சாமியும் இல்ல, பூதமும் இல்ல. நீ ஆபீசுக்குள்ள நொழையறப்போ கண்ணாடியத் தொடைக்கற பாரு, அது மாதிரி. கை தானா போவும்.

கூவத்துலயும் கை தானா போயிடுச்சி.

குழலு ஆரம்பிச்சிது. படகு நடு ஆத்துக்கு வந்துச்சி. சின்னதம்பி வலைய தோளு மேல போட்டான், குனிஞ்சான், ஒரு கை அள்ளி வாயில ஊத்திக்கினான். நான் கரையில நிக்கறேன். டேய் துப்புடான்னு கத்துனேன். குழலும் மைக்கும் போட்ட சத்தத்துல எனக்கே கேக்கல. அவன் மொகம் போன போக்கப் பாக்கணும். நாக்குல பட்ட ஒடனே தெரிஞ்சிபோச்சி அவனுக்கு. எடது பக்கம் திரும்பினான் துப்பறதுக்கு. எடது பக்கம் தான மேடை. பெரிய மனுசங்க வரிசையா உக்காந்துகிறாங்க. வலது பக்கம் திரும்பினான். அங்க பொம்பளைங்க, பட்டுப்பொடவையோட, பாடறவங்க, ஆடறவங்க. எதுக்க கேமரா. அப்பிடியே நின்னான். கன்னம் உப்பிக்கினு இருந்துச்சி. அப்பால கண்ண மூடிக்கினு முழுங்கிட்டான்.

எல்லாரும் கை தட்டினாங்க.

அதான் நீ எழுதினது. எனக்கு மனப்பாடம், நான்தான் கமா போட்டேன் அதுக்கு. ஒரு எளிய மீனவன் குனிந்து, மறுபிறவி எடுத்த நதியின் முதல் தீர்த்தத்தைக் கண்மூடிப் பருகினான், அந்தக் கணத்தில் ஒரு நகரம் தன் பாவத்தைக் கழுவிக்கொண்டது. இங்கிலீஷ்ல இன்னும் சோக்கா இருந்துச்சி, ஒத்துக்கறேன். ப்ரூஃப எடுத்துக்கினு உன் மேசைக்கு வந்தேன். சீனிவாசா, அது தீர்த்தம் இல்லடா, அவன் துப்ப எடம் தேடினான், எடம் கெடைக்கலன்னு சொன்னேன். நீ பேனாவ வாயில வெச்சிக்கினு சொன்ன, ரவூப், ஃபேக்ட் வேற, ட்ரூத் வேற. ஆபீசே சிரிச்சிது. அந்தக் கட்டுரைக்கு உனக்கு விருதும் குடுத்தாங்க. பேரு? அவன் பேரக் கேட்டு எழுதிக்கச் சொன்னேன். எளிய மீனவன்னாதான் எல்லாருக்கும் பொதுவா இருக்கும்னு சொல்லிட்ட.

மன்னிப்பெல்லாம் வேணாம்பா. எங்கிட்ட கேட்டு இன்னா ஆவப்போவுது.

விழா முடிஞ்ச அன்னிக்கி ராவு நானும் அவங்களோட லாரிலயே ஊருக்கு வந்தேன். மறுநாள் லீவு. படகு மேல சாஞ்சிக்கினு வந்தான் சின்னதம்பி, பட்ட அவுத்து மடிச்சி பக்கத்துல வெச்சிருந்தான், திருப்பிக் குடுக்கணும்னு. ஏண்டா முழுங்கினன்னு கேட்டேன். பாய், இத்தினி பெரிய மனுசங்க வந்துகிறாங்க, அவங்க ஆத்துத் தண்ணிய அவங்க மூஞ்சிக்கு நேரா எப்பிடித் துப்பறதுன்னான். ஒருத்தரு வூட்டுக்குப் போயி, அவங்க தண்ணி குடுத்தா, நல்லா இல்லன்னு மூஞ்சி சுளிப்பமான்னு கேட்டான். பொன்னேரி தாண்டினதும் லாரிய நிறுத்தச் சொல்லி எறங்கி வாந்தி எடுத்தான். எடுத்துட்டு, சிரிக்காம சொன்னான், எறா வராது பாய் அந்தத் தண்ணியில, எலி வரும்னு.

அப்பால பேதி. அது நின்னுச்சி. சரியாயிட்டான்னு நெனச்சோம், தொழிலுக்கும் போனான். கொஞ்ச நாள் கழிச்சி கண்ணு மஞ்சளாச்சி. கீழாநெல்லி அரச்சிக் குடுத்தாங்க, ஆஸ்பத்திரிலயும் சேத்தாங்க, நல்லாத்தான் பாத்தாங்க அங்க. போய்ட்டான். அந்த ஒரு வாய்த் தண்ணியாலதான்னு டாக்டரு எழுதித் தரல. எழுதவும் முடியாதுன்னு சொன்னாரு. ஒரு தண்ணியக் குடிச்சவன் எத்தினியோ தண்ணியக் குடிச்சிருப்பான்னாரு. இருக்கலாம். உன் பாஷையில சொன்னா ஃபேக்ட் வேற, ட்ரூத் வேற. இப்ப ஏன் தலய குனியற? டீ ஆறுது பாரு.

நான் அதுக்குக் கோவிச்சிக்கினு வேலய உட்டேன்னு நீங்கள்ளாம் பேசிக்கினீங்களாமே. அவ்ளோ பெரிய ஆளு இல்ல நான். வாப்பா படுத்துட்டாரு, யாவாரத்தப் பாக்க ஆளு இல்ல, வந்துட்டேன். வந்து குந்தினதுக்கு அப்பாலதான் யோசிக்கவே நேரம் கெடைச்சிது. ரெண்டு பாஷை படிச்சவன் நான். இங்கிலீஷ்ல உங்களோட பேசினேன், தமிழ்ல இவங்களோட பேசினேன். அங்க நடந்தது இங்க வர்றப்போ வேற ஒண்ணா ஆயிடுது, இங்க நடந்தது அங்க போறப்போ தீர்த்தமாயிடுது. நடுவுல நின்னுக்கினு இருந்தவன் நான். அருவெருப்பா இருக்குதுப்பா. பொய் சொன்னீங்கன்னு கூட இல்ல. அழகா சொன்னீங்க பாரு, அதுதான்.

கோதண்டம் மட்டும்தான் மனுசன். சாவு சேதி கேட்டுட்டுத் தேடிக்கினு வந்தாரு. அந்தப் படத்தப் பெருசா போட்டு, கண்ணாடி வெச்சி, ஃபிரேம் போட்டு எடுத்தாந்து கஸ்தூரியம்மா கையில குடுத்தாரு. குடுத்துட்டு அழுதாரு. அவங்க வூட்ல அவனோட போட்டோ வேற எதுவும் கெடையாது. கல்யாணத்துக்குக்கூட எடுக்கல. அவ புருசன் மொகம்னா, ஒலகத்துல அது ஒண்ணுதான்.

அந்தப் படத்த நீ முழுசா பாத்ததில்ல, தெரியுமா. பத்திரிகையில வந்தது நீங்க வெட்டினது. கோதண்டம் குடுத்தது முழுப்படம். சின்னதம்பி குனிஞ்சி நிக்கறான், கையில தண்ணி. அவனுக்கு எடது பக்கமா, கொஞ்சம் பின்னாடி மேடை தெரியுது. மேடையில பெரிய மனுசங்க. அத்தினி பேரும் மூக்கப் பொத்திக்கினு இருக்காங்க. ஒருத்தரு கைக்குட்டையால, ஒருத்தரு துண்டால, ஒரு அம்மா முந்தானையால. ஓரத்துல ஒருத்தன் நோட்டுப் புஸ்தகத்தால மூக்க மறைச்சிக்கினு எட்டிப் பாக்கறான். உத்துப் பாத்தா யாருன்னு தெரியும். நீதான்.

வருசா வருசம் அவன் செத்த நாளுக்கு அந்தப் படத்துக்கு மாலை போட்டு கற்பூரம் காட்டுவா. அவனுக்குக் காட்டறப்போ பின்னால உக்காந்துகிற உங்களுக்கும் சேத்துத்தான் ஆராதனை. போன வருசம் நானும் போயிருந்தேன். பொகைக்கு நடுவுல பாத்தேன், எல்லாரும் மூக்கப் பொத்திக்கினு ஆசீர்வாதம் பண்றீங்க. சிரிக்கறதா, காறித் துப்பறதான்னு தெரியாம வெளிய வந்துட்டேன்.

இன்னா சொல்ற? வெட்டிடுவீங்களா? தெரியும், வெட்டிடுவீங்க. அந்த ஓரத்தெல்லாம் எடுத்துட்டு அவனையும் தண்ணியையும் மட்டும் வெச்சிப்பீங்க. மொத தபாவும் அதான பண்ணீங்க. மூக்குங்களெல்லாம் போயிட்டா நாத்தமும் போயிடும்.

பேரு போடுவீங்களா இந்தத் தபா? பெருசாவா. தமிழ்லயும் இங்கிலீஷ்லயுமா. அடேங்கப்பா. படத்துக்குக் கீழ பேரு, பேருக்குக் கீழ இன்னா எழுதுவ? கூவத்தின் முதல் பக்தன்னு எழுதுவ. எழுதமாட்டன்னு என் மொகத்தப் பாத்து சொல்லு. பாத்தியா, பைய மடியில இழுத்துக்கற. ஏன்னா எழுதிட்ட. அந்தப் பையில இருக்கற சிறப்பிதழ் ப்ரூஃப்ல எழுதி அச்சுக் கோத்தாச்சி, படத்துக்கு எடம் மட்டும் காலியா வெச்சிட்டு வந்துகிற. நான் அந்தத் தொழில்லயே கெடந்தவன்யா, எங்கிட்டயேவா.

ஆறு இந்தத் தபா நெசமா சுத்தமாவுதுன்னு சொல்ற. ஆவட்டும். ஆயிட்டா நான் ரொம்ப சந்தோசப்படுவேன், சத்தியமா. வெளிநாட்டுலேந்து நிபுணரு வந்துகிறாரா, நல்லது. மிசினு வருதா, நல்லது. மொதல்ல தண்ணி வரட்டும், அப்பால பாட்டு வரட்டும். தண்ணி வர்றதுக்கு முன்னாடியே பாட்டு வந்துட்டா, தண்ணிய எவனும் கேக்கமாட்டான், பாட்டயே கேட்டுக்கினு நிப்பான். தட்டிக்குப் பின்னால இருக்கறவன் அங்கயே இருப்பான். அதான் உன் தொழிலு பண்ற வேல. அறியாம பண்றியா, அறிஞ்சி பண்றியான்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் புரியல.

அதோ அந்தப் படகா? அது ஆண்டார்மடம் போறது, குப்பத்துக்குப் போவாது. இல்லப்பா, கேட்டாலும் போவமாட்டான். காத்து திரும்பிடுச்சி, இனிமே யாரும் எதுத்துப் போவ மாட்டாங்க. கஸ்தூரியம்மா வேற வூட்ல இருப்பாளோ என்னமோ, கருவாடு எடுத்துக்கினு சந்தைக்குப் போற நாளு. நான் வேணா நாளைக்கி… நாளைக்கி ஒனக்கு அச்சு, ஆமா. இன்னிக்கே வேணும். காலையிலேந்து அதான சொல்லிக்கினு இருக்கற.

போன புயல்ல அவ வூட்டுக் கூரை பறந்துச்சி, கேட்டியா. ஓலை ஒண்ணு இல்லாம போயிடுச்சி. செவுரு பாதி இடிஞ்சி தண்ணி பூந்துடுச்சி. வூட்லேந்து அவ எடுத்தாந்தது ரெண்டுதான். வயசுக்கு வந்த பொண்ண ஒரு கையில புடிச்சிக்கினு, இன்னொரு கையில இந்தப் படத்த நெஞ்சோட அணைச்சிக்கினு, இடுப்பளவு தண்ணியில நடந்து சர்ச்சு வரைக்கும் வந்தா. செசிலியா டீச்சரு அங்க கதவத் தொறந்து விட்டு எல்லாரையும் படுக்க வெச்சாங்க. ராவெல்லாம் படத்த மடியில வெச்சித் தொடச்சிக்கினே இருந்தாளாம். கண்ணாடிக்குள்ள ஈரம் போயிடக்கூடாதுன்னு. அப்பேர்ப்பட்ட படம் அது. அத நீ ரெண்டு நாளைக்குக் குடுன்னு கேக்கற.

சரி, பஸ்சு வந்துடுச்சி. டிரைவரு சின்னப்பன் டீ குடிச்சிட்டு ஒடனே எடுத்துடுவான், அடுத்தது சாயந்தரம்தான். பையை எடுத்துக்க. பொன்னேரில எறங்கி மெட்ராசு வண்டியப் புடிச்சிடலாம். எழுந்திரு.

கேக்காமயே போறதான்னா? கேட்டாச்சு சீனிவாசா. நீ ஆள் சொல்லி அனுப்பின அன்னிக்கே நான் குப்பத்துக்குப் போயி கேட்டுட்டேன். எதையும் மறைக்கல. எந்த ஆறு, எதுக்குப் படம், மூக்கப் பொத்தினவங்கள வெட்டிடுவாங்க, கீழ என்னென்னவோ எழுதுவாங்க, எல்லாம் சொன்னேன். அவ படத்தாண்ட போயி நின்னா. அப்பால கேட்டா, இந்தத் தபா அவரு பேரு போடுவாங்களா பாய்னு. போடுவாங்களாம்னு சொன்னேன். அப்ப குடுத்துடலாம்னு சொன்னா. அவங்க என்ன எழுதினா எனக்கின்னா, எனக்குப் படிக்கவா தெரியும், அவரு மூஞ்சி நல்லா விழுந்துகிது, பனமரம் ஒசரத்துக்கு அவர யாரு நிக்க வெப்பாங்கன்னு கேட்டா. ஸ்டூலு போட்டு அவளே கழட்டினா. முந்தானையால கண்ணாடியத் தொடைச்சி, பொண்ணுக்கு வாங்கி வெச்சிருந்த புதுத் துண்டுல சுத்தி எங்கிட்ட குடுத்தா. விழாவுக்கு அவளும் பொண்ணும் வரலாமான்னு கேட்டுச் சொல்லச் சொன்னா.

படம் என் வூட்ல அலமாரில இருக்குது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நாளைக்கி மொதப் படகுல நானே எடுத்துக்கினு போயி, பழைய எடத்துலயே மாட்டிட்டு, நீ வரவே இல்லன்னு அவகிட்ட சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.